எல்பிஎஸ் எங்கே எழுதியிருக்கிறது? மெஜென்டோ கடையின் அமைப்புகளைக் கட்டளை வரியில் பார்ப்பது

போன தை மாதம் சென்னை வாடிக்கையாளர் ஒருவர் என் அண்ணன் மகனைத் தொலைபேசியில் பிடித்து, “அரைக்கிலோ காப்பிக்கொட்டைக்கு அனுப்புகூலி 130 ரூபாயா? பல்லக்கில் வைத்தா அனுப்புகிறீர்கள்?” என்று கேட்டார். அதற்கு முந்தைய மாதம்வரை அதே பொட்டலத்துக்கு 60 ரூபாய்தான்.

அவன் ஏற்காட்டில் இருக்கிறான். நாகலூர்ப் பக்கம் விளையும் அரபிகாவையும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொடி மிளகையும் இணையத்தில் விற்கிறான். நான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கணினியின் கறுப்புத் திரையில் தட்டக் கற்றுக்கொண்டவள். அவன் கடை, இணையக் கடை நடத்தும் மென்பொருளான மெஜென்டோவில் ஓடுகிறது. அதன் உள்வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கூலி: அறுவடைக்குப் பிறகு இரண்டு கிலோ பீபெரி (ஒற்றைக்கொட்டைக் காப்பி).

நடந்தது இதுதான். புதிதாகச் சில பொருள்களைக் கடையில் ஏற்றும்போது, எடைக் கட்டத்தின் பக்கத்தில் ‘எல்பிஎஸ்’ என்று இருப்பதைப் பையன் முதன்முறையாகக் கவனித்திருக்கிறான். பவுண்டு! பொறுப்பான பிள்ளை. உட்கார்ந்து கணக்குப் போட்டு, எல்லா அரைக்கிலோப் பொட்டலங்களின் எடையையும் 0.5 என்பதிலிருந்து 1.1 ஆக மாற்றிவிட்டான். எங்கள் கூலி அட்டவணையோ கிலோவில் எழுதியது: 0 முதல் 60 ரூபாய், 0.51 முதல் 90, 1.01 முதல் 130. மெஜென்டோவுக்குக் கிலோவும் தெரியாது, பவுண்டும் தெரியாது. அட்டவணையில் எண்ணுக்கு எண் ஒப்பிடும், அவ்வளவுதான். 1.1 என்றதும் மூன்றாம் வரிக்குத் தாவிவிட்டது.

“அத்தை, நம் கடை கிலோவில் இருக்கிறதா, பவுண்டிலா?” என்று கேட்டான்.

“அது இருக்கட்டும். பவுண்டு என்று எங்கே எழுதியிருக்கிறது, அதைச் சொல்” என்றேன். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிர்வாகப் பக்கத்திலேயே பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கம் கனமானது. பனி இறங்கிய மாலைகளில் மலையில் கிடைக்கிற இணைப்புக்கு அது திறப்பதற்குள் ஒரு டம்ளர் காப்பி ஆறிவிடும். கறுப்புத் திரையில் போவது வெறும் எழுத்து. அதற்கு நூலளவு இணைப்பு போதும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது: நிர்வாகப் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு நிலையின் (கடை முழுவதற்குமா, ஒரு கிளைக்கு மட்டுமா என்பதன்) மதிப்பைத்தான் காட்டும். அதே அமைப்பு வேறு எங்கெல்லாம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டாது.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திரையைப் பகிர முடியாததால் நான் கட்டளைகளைத் தொலைபேசியில் வாயால் சொல்வேன், அவன் தட்டுவான். அதற்காக என் நோட்டில் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கீழேயும் அப்படியே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே போடுங்கள். கட்டளை தவறுவதில் பாதி, சிறுகோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் உள்ள குழப்பத்தால்தான்.

சரி, முதலில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை வரியில் இணையும் வழி) வழியாகச் சர்வருக்குள் நுழையுங்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் நுழையாதீர்கள்; கடையின் கோப்புகள் எந்தப் பயனரின் பெயரில் இருக்கின்றனவோ அந்தப் பயனராக நுழையுங்கள். ரூட்டாக ஓட்டினால் சில கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகி, பிறகு கடையே அவற்றைத் தொட முடியாமல் நிற்கும். பிறகு கடையின் கோப்புறைக்குப் போங்கள். சரியான இடமா என்று தெரிந்துகொள்ள எல்எஸ் என்று தட்டிப் பாருங்கள். ஆப், பின், பப், வார், வெண்டார் என்ற கோப்புறைகள் கண்ணில் பட்டால் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

அடுத்து, கடையின் கிளைகளை எண்ணுங்கள்:

பின்/மெஜென்டோ ஸ்டோர்:வெப்சைட்:லிஸ்ட்

பின்/மெஜென்டோ ஸ்டோர்:லிஸ்ட்

(முதன்முறை இதைச் சொன்னபோது, “எதற்குப் பின் அத்தை?” என்று கேட்டான். இது பி-ஐ-என்.)

எங்கள் கடையில் இரண்டு வெப்சைட்கள். எண் 1 சில்லறை, எண் 2 மொத்த விற்பனை. சில்லறையின் கீழ் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு ஸ்டோர் வியூக்கள் (வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்கள்), எண் 1, 2. மொத்த விற்பனையின் கீழ் ஒன்று, எண் 3. இந்த எண்களையும் அவற்றுக்கு எதிரே இருக்கும் குறிப்பெயர்களையும் (‘கோட்’) ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெப்சைட் எண் 2 வேறு, ஸ்டோர் வியூ எண் 2 வேறு. முதலாவது எங்கள் மொத்த விற்பனை. இரண்டாவது சில்லறைக் கடையின் ஆங்கிலப் பக்கம். ‘இரண்டாம் எண்ணில் மாற்றிவிட்டேன்’ என்று யாராவது சொன்னால், எந்த இரண்டு என்று கேட்காமல் விடாதீர்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். மெஜென்டோவோடு வரும் கட்டளை ஒன்று உண்டு:

பின்/மெஜென்டோ கான்ஃபிக்:ஷோ வெப்/செக்யூர்/பேஸ்_யூஆர்எல்

இது கடையின் முகவரியைக் காட்டும். பாதை மூன்று துண்டுகளாக இருப்பதைக் கவனியுங்கள்: பகுதி, குழு, புலம். ஏறக்குறைய எல்லா அமைப்புக்கும் இப்படி ஒரு மூன்று துண்டுப் பாதை உண்டு. பாதையே தராமல் கான்ஃபிக்:ஷோ என்று மட்டும் தட்டினால் சேமித்து வைத்த அனைத்தையும் கொட்டும். குறிப்பிட்ட வெப்சைட்டுக்குக் கேட்க வேண்டுமென்றால் பாதைக்கு முன்னால் --ஸ்கோப்=வெப்சைட்ஸ் என்றும், --ஸ்கோப்-கோட்= என்று போட்டு அந்த வெப்சைட்டின் குறிப்பெயரையும் சேர்க்க வேண்டும். இங்கே எண் செல்லாது, குறிப்பெயர்தான். தாளில் இரண்டையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

நல்ல கட்டளைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு கிளையாகத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் கையில் எடுப்பது மேஜ்ரன். ஜெர்மனியின் நெட்ஸ்98 நிறுவனத்தில் பிறந்த கருவி. பெயரின் முன்னால் உள்ள 98 அங்கிருந்து வந்ததுதான். ஒரே கோப்பாக இறக்கி, இயக்கும் உரிமை கொடுத்துவிட்டால் போதும், கடைக்குள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெயரில் 2 இருக்கும் கோப்பை எடுங்கள். 2 இல்லாதது பழைய மெஜென்டோ 1 கடைகளுக்கானது. மெஜென்டோ 1க்கு ஆதரவு 2020 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது.

மேஜ்ரனில் நமக்கு வேண்டிய கட்டளை:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் ஜெனரல்/லொகேல்/வெயிட்_யூனிட்

(ஃபார் என்பது பி-எச்-ஏ-ஆர்.) பழைய குறிப்புகளில் கான்ஃபிக்:கெட் என்று மட்டும் இருக்கும். இப்போது நடுவில் ஸ்டோர் சேர்ந்திருக்கிறது. கடைசிச் சொல்லைத் தட்டும்போது கவனம் வேண்டும். கெட் என்றால் பார்ப்பது, செட் என்றால் மாற்றுவது, டிலீட் என்றால் அழிப்பது. செட்டுக்குப் பாதையோடு புதிய மதிப்பும் வேண்டும் என்பதால் தவறித் தட்டினாலும் பெரும்பாலும் முனகிவிட்டு நின்றுவிடும். டிலீட்டுக்குப் பாதை மட்டும் போதும். திரையில் மேல் அம்பை அழுத்திப் பழைய கட்டளையை வரவழைக்கிறவர்கள், என்டர் தட்டும் முன் அந்த ஒரு சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்றுவரை படிக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை.

எடைக்கான கட்டளைக்குப் பையனின் திரையில் வந்த பதில்: அப்படியொரு மதிப்பு கிடைக்கவில்லை.

“அத்தை, இல்லை என்கிறது. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் எல்பிஎஸ் என்று இருக்கிறதே!”

இந்த இடத்தில் பலர் கருவியைச் சந்தேகிப்பார்கள். கருவி சரியாகத்தான் சொல்கிறது. மெஜென்டோ கடையில் ஓர் அமைப்பு எழுதப்படக்கூடிய இடங்கள் பல. ஆலைக் கணக்கு எனக்கு இங்கே உதவியது. எங்கள் ஆலையில் மூட்டைக் கூலிக்கு அச்சடித்த விகிதப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்கும். அதை மீறி ஏதாவது ஏற்பாடு செய்தால் பேரேட்டில் எழுதுவோம். பேரேட்டையும் மீறி முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருப்பார். கூலி கொடுக்கிற நாளில் செல்லுபடியாவது அந்தச் சீட்டுதான்.

மெஜென்டோவிலும் அப்படியே. சுவரில் தொங்கும் பட்டியல் என்பது ஒவ்வொரு மாட்யூலோடும் (மென்பொருளின் தனித்தனிப் பகுதியோடும்) வரும் கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்பு. பேரேடு என்பது தரவுத்தளத்தில் கோர்_கான்ஃபிக்_டேட்டா என்ற அட்டவணை. நிர்வாகப் பக்கத்தில் நீங்கள் மாற்றிச் சேமிப்பது இதில்தான் வரியாக ஏறுகிறது. இழுப்பறை என்பது ஆப்/ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக்.பிஎச்பி, என்வ்.பிஎச்பி என்ற இரண்டு கோப்புகள். ஒரே அமைப்பு ஒரே நிலைக்கு எல்லாவற்றிலும் இருந்தால், பட்டியலைப் பேரேடு வெல்லும், பேரேட்டைக் கான்ஃபிக்.பிஎச்பி வெல்லும், அதை என்வ்.பிஎச்பி வெல்லும். சர்வரின் சூழல் மாறியாகக் கொடுத்தது எதுவானாலும் எல்லாவற்றுக்கும் மேல். அந்த கடைசி வகை எங்கள் கடையில் இல்லை; இருந்தால் உங்களுக்குச் சர்வர் அமைத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

மேஜ்ரனின் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் படிப்பது பேரேட்டை மட்டும். ‘இல்லை’ என்றால் பேரேட்டில் இதுவரை யாரும் எழுதவில்லை என்று பொருள். அப்படியானால் சுவரைப் பார்க்க வேண்டும்:

க்ரெப் -ஆர்என் வெயிட்_யூனிட் வெண்டார்/மெஜென்டோ/*/ஈடிசி/கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்

வந்துவிட்டது. எல்பிஎஸ். அமெரிக்காவில் பிறந்த மென்பொருள், பவுண்டை மூலமதிப்பாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை; எடைக் கட்டத்தில் கிலோ எண்களையே போட்டு வந்தோம், அட்டவணையும் கிலோவில் இருந்தது, எல்லாம் சரியாக நடந்தது. ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மட்டும் தப்பு. அந்தத் தப்பான சீட்டை நம்பிப் பையன் சரியான எண்களைக் கெடுத்துவிட்டான். சீட்டை கேஜிஎஸ் என்று மாற்றியதோடு எண்களையும் கையால் பழையபடி 0.5க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அலகை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய எடைகளை மெஜென்டோ தானாக மாற்றித் தராது. சென்னைக்காரருக்கு 70 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூடவே நூறு கிராம் மிளகும் வைத்தான்.

இன்னொரு சம்பவத்தைச் சொன்னால்தான் மேஜ்ரனின் அருமை புரியும். மொத்தக் கடையில் வாங்கும் ஒரு உணவகத்துக்காரருக்கு வரி உட்பட என்று விலை சொல்லியிருந்தோம். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி மேலே ஏறி வந்தது. நிர்வாகப் பக்கத்தில் பார்த்தால் ‘விலையில் வரி அடங்கும்’ என்றே இருக்கிறது. பையன் சத்தியம் செய்கிறான், படம் எடுத்து அனுப்புகிறான். நான் சொன்னது:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் "டாக்ஸ்/கால்குலேஷன்/*"

நட்சத்திரக் குறி போட்டால் அந்தக் குழுவில் பேரேட்டில் இருக்கும் அத்தனை வரிகளும் வரும். மேற்கோள்குறிக்குள் அடைக்க மறக்காதீர்கள். அடைக்காவிட்டால் நட்சத்திரத்தை மேஜ்ரன் பார்க்கும் முன் ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கோப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடும். பாஷ் ஷெல்லில் கோப்பு இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடும் என்பதால் பல நாள் தப்பு தெரியாது. வேறொரு கணினியில் ஸீஷெல் இருந்தால் அன்றைக்குத்தான் முகத்தில் அடிக்கும். சாதாரண நேர்க்குறி போதும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது வருகிற சுருள் மேற்கோள் வேலை செய்யாது.

பதிலில் எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு வரிகள்:

டாக்ஸ்/கால்குலேஷன்/ப்ரைஸ்_இன்க்ளூட்ஸ்_டாக்ஸ் | டிஃபால்ட் | 0 | 1

டாக்ஸ்/கால்குலேஷன்/ப்ரைஸ்_இன்க்ளூட்ஸ்_டாக்ஸ் | வெப்சைட்ஸ் | 2 | 0

பாதை, நிலை, நிலையின் எண், மதிப்பு என்று இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதல் வரி பொதுநிலை. அதன் எண் எப்போதும் 0. மதிப்பு 1, அதாவது விலையில் வரி அடங்கும். இரண்டாம் வரி வெப்சைட் எண் 2க்கு மட்டும். மதிப்பு 0, அடங்காது. சிறிய நிலையில் எழுதியது பெரிய நிலையை வெல்லும்: ஸ்டோர் வியூவில் இருந்தால் அது, இல்லையென்றால் வெப்சைட்டில் உள்ளது, அதுவும் இல்லையென்றால் பொதுநிலை. மொத்தக் கடைக்கு அந்த இரண்டாம் வரிதான் சட்டம். பையன் பார்த்துக்கொண்டிருந்தது நிர்வாகப் பக்கத்தின் இடது மேல் மூலையில் ‘டிஃபால்ட் கான்ஃபிக்’ என்று இருக்கும் நிலை. அவன் படமும் பொய்யில்லை, பில்லும் பொய்யில்லை.

அந்த இரண்டாம் வரியை எழுதியது யார்? கடையைக் கட்டிக் கொடுத்தவர் சோதனைக்காக எழுதி மறந்திருக்கலாம்; நாங்களே எழுதியும் மறந்திருக்கலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்சைட் நிலையில் ‘மூலமதிப்பையே பயன்படுத்து’ என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு, மதிப்பை மாற்றாமலே சேமித்தாலும் அங்கே ஒரு வரி உருவாகிவிடும். அன்றைக்கு இரண்டு மதிப்பும் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பொதுநிலையை மாற்றுவீர்கள். அந்த வெப்சைட் மட்டும் பழைய மதிப்பிலேயே நின்றுவிடும். கணக்கில் இதைத் தூங்கும் பதிவு என்போம். மேஜ்ரனின் பட்டியலில் ஒரே பாதை இரண்டு வரியாக வந்தால், மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாவது எதற்கு என்று கேட்டுப் பழகுங்கள்.

ஒரு கிளையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால்:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் --ஸ்கோப்=வெப்சைட்ஸ் --ஸ்கோப்-ஐடி=2

வெப்சைட்ஸ், ஸ்டோர்ஸ் இரண்டும் பன்மை. இறுதி எஸ்ஸை விழுங்கிவிடாதீர்கள். கான்ஃபிக்:ஷோவில் குறிப்பெயர் கேட்டது போலன்றி இங்கே எண் கேட்கும். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள், இரண்டு பழக்கம்.

பாதை தெரியாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்கிறார்கள். நிர்வாகப் பக்கத்தில் அந்த அமைப்பு இருக்கும் இடத்தைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். ‘செக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு அடுத்து வருவது பாதையின் முதல் துண்டு. அதை வைத்து "டாக்ஸ்/*" என்பது போலக் கேட்டால் பட்டியல் வரும், அதிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். பேரேட்டில் இல்லாத அமைப்பென்றால் உலாவியில் அந்தக் கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்பெக்ட்’ செய்யுங்கள். அதன் ஐடியில் மூன்று துண்டுகளும் அடிக்கோடுகளால் கோத்திருக்கும். எந்த அடிக்கோடு சாய்கோடாக வேண்டும், எது பெயரின் பகுதி என்பதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு முறை தப்பும், மூன்றாவது முறை வரும். எழுத்திலும் ஏமாறாதீர்கள்: பாதுகாப்பில்லாத முகவரிக்கான துண்டு அன்செக்யூர் என்று யு-என்னில் தொடங்குகிறது. இன்செக்யூர் என்று தட்டி நான் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

இழுப்பறைக்கு வருவோம். ஆர்டர் உறுதி அஞ்சல்கள் கடையின் பழைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. பையன் மாற்றலாமென்று போனால் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில், எழுத விடாமல் இருந்தது. சாம்பல் நிறம் கண்டால் பேரேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். யாரோ பூட்டியிருக்கிறார்கள். மேஜ்ரனில்:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:என்வ்:ஷோ

இது என்வ்.பிஎச்பியின் உள்ளடக்கத்தைக் காட்டும். அதில் சிஸ்டம் என்று தொடங்கும் வரிகளே பூட்டிய அமைப்புகள். எங்கள் பழைய முகவரி அங்கே உட்கார்ந்திருந்தது. அங்கே இல்லையென்றால் கான்ஃபிக்.பிஎச்பியை லெஸ் கட்டளையால் திறந்து பாருங்கள். அது வெறும் பார்வைக்கு, எதையும் மாற்றாது.

ஆனால் ஒன்று. கான்ஃபிக்:என்வ்:ஷோ தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் கடையின் மறையாக்கச் சாவியையும் சேர்த்துத்தான் காட்டும். பையன் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். எனக்கு அனுப்ப நினைத்து விரல் தவறியது. அந்தக் குழுவில் நாற்பத்தொரு பேர். கீழே என் நாத்தனார் ஒரு கும்பிடு போட்டிருந்தார். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினோம். இப்போது இந்தக் கட்டளையின் விடையைப் படமாக அனுப்பக் கூடாது, வாயால் படிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம்.

பணம் வசூலிக்கும் சேவையின் ரகசியச் சாவிகள் போன்றவை பேரேட்டில் மறையாக்கப்பட்டே இருக்கும். கான்ஃபிக்:ஷோ அவற்றுக்கு நட்சத்திரங்களை வரிசையாகப் போட்டு மறைத்துவிடும். மேஜ்ரன் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் மறையாக்கிய நீண்ட எழுத்துக்குவியலைக் காட்டும். --டிக்ரிப்ட் சேர்த்தால் உண்மை மதிப்பையே காட்டிவிடும். ‘சாவி இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் டிக்ரிப்ட் தேவையே இல்லை. எனக்கு இத்தனை ஆண்டுகளில் அது இரண்டு முறைதான் தேவைப்பட்டது.

பேரேட்டில் சரியாக இருக்கிறது, இழுப்பறையிலும் பூட்டு இல்லை, ஆனாலும் கடை பழையபடியே நடக்கிறது என்றால், கடை இன்னும் கேஷில் (வேகத்துக்காக நகல்களை எடுத்து வைக்கும் இடத்தில்) உள்ள பழைய நகலைப் படித்துக்கொண்டிருக்கிறது. கட்டளை வரியில் அமைப்பை மாற்றியவர்களுக்கும் தரவுத்தளத்தில் நேராகக் கை வைத்தவர்களுக்கும் இது அடிக்கடி நேரும்.

பின்/மெஜென்டோ கேஷ்:க்ளீன் கான்ஃபிக் ஃபுல்_பேஜ்

இவ்வளவே போதும். எதற்கெடுத்தாலும் எல்லாக் கேஷையும் அழிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொங்கல் நேரத்து விற்பனையின் நடுவில் அதைச் செய்து, கடை மூச்சுவாங்கியதைப் பார்த்த பிறகு பையன் நிறுத்திக்கொண்டான்.

இப்போது நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மெஜென்டோவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்பும், புதிய மாட்யூல் எதையாவது ஏற்றும் முன்பும், பேரேடு முழுவதையும் ஒரு கோப்பில் இறக்குகிறோம்:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் --ஃபார்மேட்=சிஎஸ்வி > முன்.சிஎஸ்வி

கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் அதே கட்டளையைப் பின்.சிஎஸ்வி என்ற பெயரில் இன்னொரு முறை. (இந்தப் பின் மட்டும் தமிழ்ப் பின்.) பிறகு:

டிஃப் முன்.சிஎஸ்வி பின்.சிஎஸ்வி

மாறிய வரிகள் மட்டும் திரையில் வரும். ஆலையில் முதல்நாள் இருப்பையும் மறுநாள் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போலத்தான். சென்ற முறை எங்களுக்கு வந்தவை ஒன்பது வரிகள். எட்டு, புதிய மாட்யூல் தனக்காக எழுதிக்கொண்டவை. ஒன்பதாவது ஜெனரல்/லொகேல்/டைம்ஸோன்: ஏசியா/கொல்கத்தா இருந்த இடத்தில் வேறு நேர மண்டலம். பையனே கண்டுபிடித்து, என்னைக் கூப்பிடும் முன்பே எந்த நிலை, எந்த எண் என்று படித்து வைத்திருந்தான்.

இரண்டு கோப்புகளையும் பப் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அது வெளியுலகுக்குத் திறந்த கோப்புறை, பெயர் தெரிந்த எவரும் உலாவியில் இறக்கிக்கொள்ளலாம். ஒப்பிட்டு முடிந்ததும் ஆர்எம் போட்டு அழித்துவிட்டுச் சர்வரிலிருந்து வெளியேறுங்கள்.